கட்டணமில்லாத படிப்புக்கு நாங்கள் எழுதிய கணக்கு

"ஜெர்மனியில ஃபீஸே கிடையாதாமே, அப்புறம் உங்களுக்கு என்ன செலவு?" மும்பை சயான் கோலிவாடாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் மிகக் குறைவு. கேட்பவர்கள் யாரும் பொறாமையால் கேட்பதில்லை. தங்கள் வீட்டுப் பிள்ளையையும் அனுப்பிவிட முடியுமா என்ற ஆசையோடுதான் கேட்கிறார்கள். அதனாலேயே ஒற்றை வரியில் பதில் சொல்லி அவர்களை அனுப்பிவைக்க எனக்கு மனம் வருவதில்லை. 2024 அக்டோபரில் என் மகள் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பொறியியல் படிக்கப் புறப்பட்டதிலிருந்து இன்றுவரை ஒரு நீளமான கணக்கு நோட்டில் ஒவ்வொரு தொகையையும் எழுதி வருகிறேன். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழுப் பதிலையும் ஒரு முறை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கணக்கு எழுதுவது என் பிழைப்பு. பல்லார்டு எஸ்டேட்டில் ஒரு சுங்கத் தரகு அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறேன். இறக்குமதிச் சரக்கின் மதிப்பை ரூபாயில் காட்டுவதற்காகச் சுங்கத்துறை அறிவிக்கும் செலாவணி விகிதத்தைப் பார்ப்பது எங்களுக்கு அன்றாட வேலை. இத்தனை காலமும் யூரோ என்பது யாரோ ஒருவருடைய பட்டியலில் இருக்கும் எண்ணாக மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தது. அது இரண்டு ரூபாய் ஏறினால் வாடிக்கையாளர் வருத்தப்படுவார், நான் அடுத்த கோப்பை எடுப்பேன். அதே எண் என் வீட்டுச் சமையலறைவரை வந்து நிற்கும் என்று நான் நினைத்ததில்லை.

முதலில் அந்தக் கேள்விக்குள் இருக்கும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்கும் படிப்புக் கட்டணம் இல்லை என்பது சரிதான். பருவத்துக்கு ஒரு முறை கட்டும் சிறிய தொகை மட்டும் உண்டு. எங்கள் மகளுக்கு அது 300 யூரோவை ஒட்டி வருகிறது. ஆனால் விதிவிலக்குகள் இருக்கின்றன. ஷ்டுட்கார்ட், ஹைடல்பெர்க் போன்ற நகரங்கள் உள்ள பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வைத்துவிட்டது. முதுகலைக்கு அது பருவத்துக்கு 4,000 யூரோவிலிருந்து 6,000 யூரோ வரை போகிறது. என் மகள் கல்லூரி இரண்டாம் ஆண்டிலிருந்து மியூனிக்கைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அறிவிப்பைப் படித்த அன்று இரவு அவளாகவே பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிட்டு, வாடகை குறைவான கிழக்கு ஜெர்மனி நகரங்களை எழுதத் தொடங்கினாள். கெம்னிட்ஸ் என்ற பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான்.

கட்டணம் இல்லாத இடத்தில் செலவு எங்கே இருக்கிறது என்றால், உயிர் வாழ்வதில் இருக்கிறது. வாடகை, சோறு, காப்பீடு, குளிருக்கு ஒரு கோட்டு ஆகியவற்றுக்கு ஓராண்டுக்கான பணம் உன்னிடம் இருக்கிறதா என்பதைத்தான் விசா கொடுக்கும் அரசாங்கம் முதலில் கேட்கிறது. அதைக் காட்டுவதற்கான வழிதான் முடக்கப்பட்ட கணக்கு. ஓராண்டுக்கான முழுத் தொகையையும் புறப்படுவதற்கு முன்பே அதில் போட்டுவிட வேண்டும். மாணவர் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, மாதம் ஒரு பங்காக மட்டுமே அது அவர் கைக்கு வரும். நாங்கள் திட்டமிடத் தொடங்கியபோது அந்தத் தொகை ஆண்டுக்கு 11,208 யூரோ, அதாவது மாதத்துக்கு 934. ஆகஸ்டில் யூரோ 93 ரூபாயை ஒட்டி விற்றபோது, பத்தரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகக் கட்டி முடித்துவிட்டு, பெரிய மலை ஒன்றைத் தாண்டிவிட்டதாக நானும் என் மனைவியும் மாட்டுங்காவில் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தோம்.

2024 செப்டம்பர் 1 முதல் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. எங்கள் மகளின் விசா நேர்காணல் செப்டம்பர் முதல் வாரத்தில் விழுந்தது. 696 யூரோ கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. அன்றைய விகிதத்தில் அது அறுபத்தைந்தாயிரம் ரூபாய். ஒரு நடுத்தரக் குடும்பத்தை அந்த அறுபத்தைந்தாயிரம் எப்படி அலைக்கழிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பத்து லட்சத்தைத் திரட்ட ஆறு மாதம் இருந்தது. அறுபத்தைந்தாயிரத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது. ஆகவே போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை, அறிவிக்கப்பட்ட தொகைக்கு மேல் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். இது ஜெர்மனிக்கு மட்டும் உள்ள சிக்கலும் அல்ல. எங்கள் கட்டடத்துக்கு எதிரில் உள்ள பஞ்சாபிக் குடும்பத்தின் பையன் கனடாவுக்கு முயன்றுகொண்டிருந்தபோது, அங்கே காட்ட வேண்டிய பணம் 10,000 கனடிய டாலரிலிருந்து 2024 ஜனவரி 1 அன்று ஒரே தாவலாக 20,635 ஆனது. ஆஸ்திரேலியா அதே ஆண்டு மே மாதம் தன்னுடைய தொகையை 29,710 ஆஸ்திரேலிய டாலராக உயர்த்தியது. அந்தப் பையன் இப்போது நவி மும்பையில் வேலைக்குப் போகிறான்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பகுதியைத்தான் யாரும் வெளியே பேசுவதில்லை. ஏழு ஆண்டு உறுப்பினராக இருந்தால் பிள்ளைகளின் மேற்படிப்புக்காக வருங்கால வைப்பு நிதியில் தொழிலாளியின் பங்கிலிருந்து பாதிவரை எடுக்கலாம் என்ற விதி அப்போது இருந்தது. அதில் நான்கு லட்சம் எடுத்தேன். சேமிப்பும் முடிந்த சீட்டுப் பணமும் சேர்ந்து மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல் இருந்தது. மீதிக்கு என் மனைவி தன் வளையல்களையும் ஆரத்தையும் கழற்றிக் கொடுத்தாள். ஒன்பது பவுன், அடகில் மூன்றரை லட்சம். வீட்டிலேயே ரவிக்கை தைத்துத் தைத்து அவள் சேர்த்த நகை அதில் பாதி. "பாப்பாகிட்ட சொல்லிராதீங்க, அவ போகமாட்டேன்னுருவா" என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அது தவறு என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டோம்.

வங்கிக் கடனுக்கு முயலவில்லையா என்று கேட்பீர்கள். முயன்றேன். நான் பல ஆண்டுகளாகக் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையின் கடன் பிரிவு அதிகாரி, பல்கலைக்கழகத்தின் கட்டண அட்டவணையைக் கேட்டார். கட்டணம் இல்லை, வாழ்க்கைச் செலவுக்குத்தான் கடன் வேண்டும் என்றேன். கட்டணமே இல்லாத படிப்புக்கு எதற்குக் கல்விக் கடன் என்று அவர் திருப்பிக் கேட்டார். கல்விக் கடன் விதிகளில் தங்குமிடம், உணவு, பயணம், புத்தகம் எல்லாமே சேரும் என்று எடுத்துச் சொன்னேன். மூன்று முறை நடந்தும் கோப்பு நகரவில்லை.

அந்த மூன்றாம் முறை திரும்பி வந்த மாலையில் எனக்கு என் அப்பாவின் நினைவு வந்தது. தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் கொட்டகையில் வேலை பார்த்தவர். அப்பா என்னைச் சிறுவயதில் தாதர் இந்து காலனியில் அம்பேத்கர் வாழ்ந்த ராஜகிருக வீட்டைப் பார்க்க அழைத்துப்போவார்; போகும் வழியில் அவர் படித்த கதையைச் சொல்லுவார். 1913-இல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த உதவித்தொகையால். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. அங்கிருந்து லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகையின் காலம் முடிந்ததும் 1917-இல் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அவருக்கு இடம் மறுக்கப்படவில்லை. அறிவில் குறை இல்லை. லண்டனில் உண்டு உறங்குவதற்கான பணம் மட்டும் இல்லை. பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்தி மிச்சம் பிடித்து, கோல்ஹாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவியும் நவல் பதேனா என்ற பார்சி நண்பரின் கடனும் சேர்ந்த பிறகுதான் 1920-இல் மீண்டும் கப்பலேற முடிந்தது. அந்த இரண்டாம் முறை லண்டன் விடுதியில், இரவுப் பசிக்கு ஊரிலிருந்து வந்த அப்பளத்தைச் சுட்டுத் தின்றதாக அவருடைய வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1923-இல் அவருக்கு முனைவர் பட்டம் பெற்றுத்தந்த ஆய்வு, ரூபாயின் சிக்கலைப் பற்றியது. வாழ்க்கைச் செலவு படிப்பில் சேராது என்று யாராவது என்னிடம் சொல்லும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது அந்த மூன்று ஆண்டு இடைவெளியை. எங்கள் மகளின் பெட்டியில் அவள் அம்மா அப்பளக் கட்டுகளை அடுக்கியபோது இதை அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இன்னும் ஒரு கட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

அனுப்பும் வழியிலும் ஒரு பாடம் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ஒருவருக்கு ஆண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை ரிசர்வ் வங்கியின் அனுமதி உண்டு. அது நம்மைப் போன்றவர்களுக்குத் தடையே அல்ல. நம்மைத் தொடுவது டி.சி.எஸ். என்ற வரிப்பிடித்தம். 2024-இல் கல்விக்காகச் சொந்தப் பணத்தை அனுப்பினால், ஒரு நிதியாண்டில் ஏழு லட்சத்துக்கு மேல் போகும் தொகையில் 5 சதவீதம் பிடித்தார்கள். நான் முழுவதையும் என் கணக்கிலிருந்தே அனுப்பியதால் இருபதாயிரத்துக்கு மேல் பிடித்தம் ஆனது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அது திரும்பி வரும், வந்தது; ஆனால் பணம் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் அது என் கையில் இல்லை. அந்த ஏழு லட்சம் வரம்பு அனுப்புகிறவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. என் மனைவிக்கும் பான் அட்டை இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது. நகையில் வந்த பணத்தையும் அவள் சேமிப்பையும் அவள் கணக்கிலிருந்தே அனுப்பியிருந்தால் பிடித்தமே பெரும்பாலும் இருந்திருக்காது. இருபத்தாறு ஆண்டு கணக்கு எழுதியவன் தன் வீட்டுக் கணக்கில் இதைப் பார்க்கத் தவறியது எனக்கு இன்னும் வருத்தம்தான். 2025 ஏப்ரலிலிருந்து வரம்பு பத்து லட்சமாக உயர்ந்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு இந்தப் பிடித்தம் அடியோடு நீக்கப்பட்டிருக்கிறது.

இவை தவிர, 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமாகிவிட்ட, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றுக்கு 18,000 ரூபாய், விசாவுக்கு 75 யூரோ, பணமாற்றத்துக்கு வங்கிக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும், பிறகு விமானச் சீட்டு. இவற்றை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள்.

எதிர்பாராதது முதல் மாதம். முடக்கப்பட்ட கணக்கிலிருந்து பணம் வர வேண்டுமானால் அங்கே ஒரு நடப்புக் கணக்கு வேண்டும். அதற்குப் பொதுவாக நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்த தாள் கேட்பார்கள். அந்தத் தாளுக்கு வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கும் சான்று வேண்டும். அதற்கு முதலில் ஒரு வீடு வேண்டும். வீட்டுக்கு முன்பணம் வேண்டும். சட்டப்படி அந்த முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைவரை போகலாம். இந்தச் சங்கிலி முழுவதையும் கடந்து அவளுடைய முதல் தவணை கைக்கு வந்தபோது ஐந்து வாரம் ஆகியிருந்தது. வெளிநாட்டில் செலவழிக்க வங்கி தரும் பயண அட்டையில் 1,500 யூரோ ஏற்றிக் கொடுத்திருந்ததால் சமாளித்தாள். அவளோடு போன ஒரு பெண் 400 யூரோவோடு இறங்கி, மற்றவர்கள் அறைத் தரையில் மாறி மாறிப் படுத்து அந்த வாரங்களை ஓட்டினாள். முடக்கப்பட்ட கணக்கில் பன்னிரண்டாயிரம் யூரோ இருந்தும் பசி இருக்க முடியும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நேரில் பார்க்காத வீட்டுக்கு, யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், இங்கிருந்து முன்பணம் அனுப்பக் கூடாது. எங்களிடம் 600 யூரோ கேட்டு வந்த ஒரு விளம்பரத்தில், சாவியைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார்கள். சாவி தபாலில் வரும் என்ற ஒரு வரியே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது மாதக் கணக்கு. மாணவர் விடுதியில் மூன்று பெண்கள் பகிரும் குடியிருப்பில் அவளுடைய அறைக்கு, வெப்பமூட்டும் செலவும் மின்சாரமும் இணையமும் உட்பட 275 யூரோ. மருத்துவக் காப்பீடு கட்டாயம். 2025-இல் அது 145-ஐ ஒட்டி வந்தது. தொலைக்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீடும் பொது ஒலிபரப்புக்காக மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும். மூவர் ஒரே வீடாகப் பதிவு செய்துகொண்டதால் தலைக்கு 6.12 ஆயிற்று. கைபேசிக்கு 10. பருவத் தொகையை மாதமாகப் பிரித்தால் 50. ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிட்டால் உணவுக்கு 150 முதல் 170. ஆக 650-க்குச் சற்றுக் குறைவு. ஆனால் கோட்டு, மூக்குக்கண்ணாடி, மடிக்கணினி பழுது, மொழி வகுப்பு என்று சொல்லாமல் வரும் செலவுகளை எல்லாம் சேர்த்து ஓராண்டுக்குச் சராசரி பார்த்தபோது 760 வந்தது. அதே வாழ்க்கைக்கு மியூனிக்கில் அறை வாடகை மட்டுமே பெரும்பாலும் எழுநூறைத் தாண்டும். நாட்டைத் தேர்ந்தெடுப்பதைவிட ஊரைத் தேர்ந்தெடுப்பது பெரிய முடிவு என்று நான் சொல்வது இந்த எண்ணை வைத்துத்தான். முடக்கப்பட்ட பணம் செலவல்ல, அது மாணவருடைய பணம் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மாதம் 992 வந்து 760 போனால் மிச்சம் அவளிடம்தான் இருக்கும்.

சமையல்தான் இந்தக் கணக்கின் அச்சு. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் அடைத்திருக்கும். சனிக்கிழமை மாலை வாங்க மறந்தால் திங்கள்வரை இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அரிசியும் புளியும் ஆசியக் கடையில் மூன்று பேராகச் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்கிறார்கள். பல்கலைக்கழக உணவகத்தில் மாணவர் விலையில் மூன்று, நான்கு யூரோவுக்குச் சூடான மதிய உணவு கிடைக்கிறது. குளிர்பானப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். நான்கு பாட்டில் சேர்ந்தால் ஒரு யூரோ. அவள் இதையெல்லாம் சொல்லும்போது மகிழ்ச்சியாகத்தான் சொல்லுவாள்.

அந்த மகிழ்ச்சியை நம்பிக்கொண்டு நான் மூன்று மாதம் ஏமாந்திருந்தேன். மாதம் முடிந்ததும் அவள் அனுப்பும் கணக்கில் 2025 ஜனவரிக்கு 640 யூரோ என்று இருந்தது. பிப்ரவரிக்கும் 640. மார்ச்சுக்கும் அதே. உணவுக்கு மூன்று மாதமும் சரியாக 160. உண்மையில் செலவு செய்கிறவர்களின் கணக்கு ஒருபோதும் அப்படி இருக்காது. வெங்காய விலை ஒரு மாதத்தில் ஏறும், ஒரு மாதத்தில் காய்ச்சல் வரும், ஒரு மாதத்தில் தோழிக்குப் பிறந்தநாள் வரும். ஒரே எண் மூன்று முறை வந்தால் அது எழுதப்பட்ட கணக்கு, நடந்த கணக்கு அல்ல. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் மெதுவாகக் கேட்டேன்: "ஏம்மா, மூணு மாசமா ஒரு காசுகூட மாறலையே?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னாள்: "அப்பா, அம்மா கையில வளையல் இல்லையே. நான் ஜனவரியிலேயே பார்த்துட்டேன்."

வீடியோ அழைப்பின்போதெல்லாம் என் மனைவி முந்தானையைக் கையின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டுதான் பேசுவாள். பொங்கலன்று பொங்கப் பானையைத் தூக்கிக் காட்டியபோது மறந்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் மகள் உணவுக்கு எழுபது யூரோவுக்குமேல் செலவிடவில்லை. வாரக் கடைசி இரவுகளில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனாள். விடிந்து திரும்பி மதியம்வரை தூங்கியதில், பிப்ரவரித் தேர்வுகளில் ஒன்றில் தவறிவிட்டாள். அடுத்த ஆண்டுக்குக் காட்ட வேண்டிய பணத்தைத் தானே சேர்த்துவிட்டால் மீதி நகையாவது மிஞ்சும் என்று நினைத்திருக்கிறாள். நாங்கள் அவளுக்குத் தெரியக் கூடாது என்று ஒன்றை மறைத்தோம்; அவள் எங்களுக்குத் தெரியக் கூடாது என்று இன்னொன்றை மறைத்தாள்; இரண்டு பொய்யும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போயின. அன்று மூவரும் நெடுநேரம் அழுதோம். பிறகு நான் நோட்டை எடுத்து, அடகுச் சீட்டு ஒட்டியிருந்த பக்கத்தைக் கேமரா முன் பிடித்துப் படித்துக் காட்டினேன். அவள் தன் வங்கிக் கணக்கைத் திறந்து, உண்மையான எண்களைப் படித்தாள்.

வேலை செய்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2024 மார்ச் 1 முதல் வெளிநாட்டு மாணவர்கள் அங்கே ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. 2025-இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோ. சமூகக் காப்பீட்டுப் பிடித்தம் பெரிதாக இல்லாத சிறுவேலையின் மாத வரம்பு அந்த ஆண்டில் 556 யூரோவாக இருந்தது. அதாவது மாதத்தில் ஏறத்தாழ 43 மணி நேரம். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பேராசிரியருக்கு உதவியாளராக வேலை கிடைத்தால் அது அந்த 140 நாள் கணக்கில்கூடச் சேராது. மாணவர்கள் அதை ஹிவி என்கிறார்கள். என்ன வேலை, எந்த நேரத்தில், தேர்வுக்கு எத்தனை வாரத்துக்கு முன் நிறுத்துவது என்பதையெல்லாம் வீட்டோடு பேசி முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் என் வாதம். நாங்கள் அந்த ஏப்ரலில் பேசி எழுதிக்கொண்டது மூன்று வரி: உணவு 150-க்குக் கீழே போகாது; இரவு வேலை இல்லை; நகை, கடன், மதிப்பெண் மூன்றும் ஒரே நோட்டில். தவறிய தேர்வை ஆகஸ்டில் எழுதித் தேறினாள். அக்டோபரிலிருந்து ஓர் ஆய்வகத்தில் ஹிவி வேலை, மாதம் 540 யூரோ. மாதம் 300 யூரோ தரும் டாய்ச்லாண்ட் உதவித்தொகைக்கும் விண்ணப்பித்தாள். தனியார் கொடையாளர் பாதி, அரசு பாதி தரும் அந்தத் தொகைக்கு எந்த நாட்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். அவளுக்குக் கிடைக்கவில்லை, இந்த ஆண்டும் எழுதப் போகிறாள்.

2025 அக்டோபரில் குடியிருப்பு அனுமதியை நீட்டிக்கும் நேரம் வந்தது. அப்போதும் மாதம் 992 என்ற கணக்கைத்தான் காட்ட வேண்டும். ஆனால் முழுவதையும் பணமாகக் காட்ட வேண்டியதில்லை. அவளுடைய வேலை ஒப்பந்தத்தை அங்குள்ள அலுவலகம் ஏற்றுக்கொண்டது. மாதம் 452 யூரோ குறைந்தது, ஆண்டுக்கு 5,424. அவள் சேர்த்து வைத்திருந்தது 3,300 யூரோவுக்குச் சற்று மேல். நாங்கள் அனுப்ப வேண்டியது 2,100. அந்த வாரம் யூரோ 103 ரூபாயை ஒட்டி இருந்தது. ஓராண்டுக்கு முன் அதே 2,100-க்கு நான் கொடுத்திருக்கக் கூடியதைவிட இருபத்தோராயிரம் ரூபாய் கூடுதல். இரண்டாம் ஆண்டுக் கணக்கைப் போடுகிறவர்கள் முதல் ஆண்டு விகிதத்தை வைத்துப் போடக் கூடாது.

இந்த முறை வேறொரு வங்கியில் கடன் கேட்டேன். நான்கு லட்சம் அனுமதித்தார்கள். நான் கொண்டுபோனது எங்கள் நோட்டின் ஓராண்டுச் சுருக்கத்தை. வாடகை ஒப்பந்தம், காப்பீட்டு ரசீது, மதிப்பெண் தாள் எல்லாவற்றையும் அதோடு சேர்த்திருந்தேன். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்பதால் மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டி வருகிறேன். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அந்த வட்டி வருமான வரிக் கணக்கில் எட்டு ஆண்டுகள்வரை கழிவாகும். ஒன்பது பவுனில் நான்கு பவுனை மீட்டுவிட்டோம். மீட்ட அன்று என் மனைவி வளையலைப் போட்டுக்கொண்டு அழைப்பில் கையை நன்றாக நீட்டியே பேசினாள். "மிச்சம் அஞ்சும்மா" என்று மகள் எண்ணிச் சொன்னாள்.

நாளை மாலை மூன்றாம் மாடியிலிருந்து ஒரு தம்பதி வருகிறார்கள். அவர்கள் மகனுக்கு மாக்டெபர்க்கில் இடம் கிடைத்திருக்கிறது. அண்ணாச்சி, உங்கள் நோட்டைப் பார்க்கலாமா என்று லிஃப்டில் தயங்கிக்கொண்டே கேட்டார்கள். நகைப் பக்கத்தைக் காட்டலாமா என்று மனைவியிடம் கேட்டேன்; அதைத்தான் முதலில் காட்டுங்கள் என்றாள். நோட்டைத் துடைத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். இன்று காலை மகள் அனுப்பிய கடைசி வரியையும் அதில் எழுதியாயிற்று: வெங்காயம் இரண்டு கிலோ, 1.79, போன வாரத்தைவிட முப்பது சென்ட் கூடுதல்.